பாலகுரு வரைந்த உதடுகள்

ஓவியர் பாலகுரு இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அய்யலூர்ச் சந்தையில் ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைத்துனன் வீட்டுக் கிடாவெட்டுக்கு ஆடு பிடிக்க என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். எதையும் சுலபத்தில் நம்பாதவன் என்று எனக்கு உறவில் ஒரு பெயர் உண்டு. அதனால் ஆடு வாங்க, வீடு பார்க்க, மாப்பிள்ளை விசாரிக்க என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் தேடுவார்கள். ஃபோனில் பேசியது சீனி. எங்கள் ஸ்டுடியோவுக்குக் கீழே மாவு மில் வைத்திருப்பவர். "அண்ணே, பாலகுரு அண்ணன் போயிட்டாருண்ணே. காலையில குளிச்சிட்டு வந்து உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். "எந்த பாலகுரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து திண்டுக்கல்லில் ஒரே ஒரு பாலகுருதான். ஃபோனை வைத்ததும் நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். செய்தி உண்மைதானா என்று கேட்பதற்கு பாலகுருவின் எண்ணுக்கே அடித்தேன். அவர் மனைவி வசந்தா டீச்சர் எடுத்தார். "வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். ஆட்டை விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவரை அறிந்தவர்கள் பலர் இந்த நாட்களில் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். வெள்ளை மனசு, சூதுவாது தெரியாதவர் என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். செத்தவரைப் பற்றி யாரும் பொய் சொல்வதுதான். ஆனால் பாலகுருவுக்குச் சூதுவாது தெரியாது என்பது கொஞ்சம் அதிகப்படி. இருபது வருடத்துக்கு மேலாக ஒரே அறையில் அவர் முதுகும் என் முதுகும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு படம் வரைந்திருக்கிறோம். அவர் யாரையும் நம்பியதில்லை. கடைக்காரர் தரும் வெள்ளைப் பெயிண்டை நம்பமாட்டார், விரலில் தொட்டு நகத்தில் தேய்த்துப் பார்ப்பார். பாராட்டை நம்பவே மாட்டார். "நல்லா இருக்குன்னு சட்டுனு சொல்றான் பாரு மாப்ள, அவன் சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்" என்பார். நானும் அதே குணம். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படித்தான் இத்தனை நாள் இருந்தது என்று சீனி ஆச்சரியப்படுவார்.

நாகல் நகரில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். வராதவர்களுக்குச் சொல்கிறேன். மில்லின் பக்கவாட்டில் இரும்புப் படி. ஏறினால் நீளமான ஓர் அறை, வடக்குப் பார்த்து இரண்டு ஜன்னல், ஆளுக்கு ஒன்று. கீழே மில் ஓடும்போது தரை லேசாக அதிரும். அதனால் கண் இமை, மூக்குத்தி, மீசை முடி போன்ற நுணுக்கமான வேலைகளை மில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் செய்வோம். மிளகாய் அரைத்தால் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே இருப்போம். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மாவுத் தூசி. எண்ணெய்ப் பெயிண்ட் காய இரண்டு மூன்று நாள் ஆகும். ஈரமாக இருக்கும் முகத்தில் மாவு படிந்தால் செத்தவருக்கு மறுபடியும் பவுடர் போட்டது போல இருக்கும். எனவே அன்றைய வேலை முடிந்ததும் எல்லாப் படங்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

செத்தவர் என்று சொன்னேன். எங்கள் வேலையில் பெரும்பகுதி அதுதான். வீட்டுக் கூடத்தில் மாட்ட, அப்பா அம்மா படம். ஃபிளெக்ஸ் வந்து உங்கள் பிழைப்பு போய்விட்டதா என்று யாரும் அனுதாபப்பட வேண்டாம். தெருவுக்குத்தான் ஃபிளெக்ஸ். கூடத்தில் மாட்ட இப்போதும் கையால் வரைந்ததுதான் கேட்கிறார்கள். முன்பு பழுப்பேறிய போட்டோவோடு வருவார்கள், இப்போது வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பாலகுருவுக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை கிடையாது. "போட்டோவுக்கு நிக்கிறப்ப எவனும் அவனா நிக்க மாட்டான்" என்பார். வந்தவர்களை உட்காரவைத்து போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். ஒரு முறை சின்னாளபட்டியிலிருந்து வந்த இளைஞர் ஒருவரிடம், "சோத்துல கல்லு கெடந்தா ஒங்கப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டார். அந்தப் பையன் மிரண்டுபோய் யோசித்துவிட்டு, "கல்ல எடுத்து எங்கம்மாகிட்ட காட்டிட்டு, ஒண்ணும் சொல்லாமத் திம்பாரு" என்றான். "இம்புட்டுதான் எனக்கு வேணும், நீ போயிட்டு அடுத்த வாரம் வா அப்பு" என்று அனுப்பிவிட்டார். கல்லைக் காட்டுகிற அந்த மனிதரைத்தான் அவர் வரைந்தார்.

என் தோள் கதையையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் போட்டோ மட்டும் இருக்கிறவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே நாங்கள்தான் உடம்பு கொடுக்க வேண்டும். பாலகுரு என்னை வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்காரச் சொல்வார். "செத்த நேரம் அசையாம இரு மாப்ள, ஒனக்குத்தான் நல்ல தோளு" என்பார். புகழ்கிறார் என்று நம்பி உட்கார்ந்தேன். பின்பு கொடைரோட்டில் ஒரு விசேஷ வீட்டுக்கு என் மனைவியோடு போனேன். கூடத்தில் யாரோ ஒரு பெரியவரின் தலைக்குக் கீழே என் தோள், அதில் சந்தன மாலை. சட்டைக் காலரில் இருந்த மடிப்புகூட என்னுடையது. வீட்டுக்கு வந்து என் மனைவி போட்ட சண்டையில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. மறுநாள் பாலகுருவிடம் கேட்டேன். "ஒரு தோளுதான அது. நூறு பேருக்குக் குடுத்தாலும் கொறையாது" என்றார். அன்று முதல் அவர் என்னை உட்காரச் சொல்லும்போதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

அவர் மேல் எனக்கிருந்த பெரிய சந்தேகத்துக்கு இப்போது வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஓர் அம்மாள், காலமான தன் தாயாரின் படத்தை வாங்க வந்தார். கொண்டையில் கனகாம்பரம் வைத்த தாயார். நான் வரைந்தது. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டியதும் அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க, எங்கம்மா ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்குதுங்களே. எப்படீங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்றார். நான் படத்தைப் பார்த்தேன். உதடுகள் ஒரு நூலளவு பிரிந்திருந்தன. உண்மையாகவே அந்தத் தாயார் ஏதோ சொல்ல வந்தார். ஆனால் நான் அப்படி வரையவில்லை. நான் உதட்டை மூடித்தான் வரைந்தேன். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

முதலில் மாவுத் தூசியைச் சந்தேகித்தேன். பிறகு எண்ணெயை. கலப்பட எண்ணெய் காயும்போது இழுக்குமோ என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அதன்பின் கவனிக்க ஆரம்பித்தேன். எல்லாப் படமும் மாறாது. சிலவற்றில் மட்டும், காலையில் வந்து திருப்பிப் பார்த்தால், உதட்டோரத்தில் ஏதோ நடந்திருக்கும். மிகச் சின்ன மாற்றம். ஒருவருக்குச் சிரிப்பை அடக்கியது போல, இன்னொருவருக்கு மூச்சை இப்போதுதான் விட்டது போல. மாறிய படமெல்லாம் மாறாததைவிட நன்றாக இருந்தது. அதுதான் என்னைத் தின்றது.

யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் நாள் இப்படி ஓடும். காலையில் பாலகுருதான் வந்து கதவைத் திறப்பார். நான் அவருக்குப் பின்னால் வருவேன். அவருக்கு ஸ்டுடியோவை ஆள் இல்லாமல் விடப் பயம். ஆகவே பகலில் டீக்குப் போவதென்றால் ஒருவர் போய் வந்த பிறகுதான் இன்னொருவர். சாயங்காலம் வசந்தா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருவார். அவர் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வண்டியில் கணவரோடு வீட்டுக்குப் போவதற்காக நேரே ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார். அவர் வந்ததும் அவரைக் காவலுக்கு வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போவோம். திரும்பி வரும்போது டீச்சர் படங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, நிறம் குழைத்த தட்டுகளை மூடி, கைப்பையோடு தயாராக இருப்பார். அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதன்பின் நான் தனியாக இருந்து மறுநாள் வேலைக்குக் கரிக்கோடு போடுவேன். டியூப் லைட்டில் நிறம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. திருப்பி வைத்ததை இரவில் யாரும் தொடமாட்டோம். ஆக, நான் வருவதற்கு முன் என் படத்தோடு தனியாக இருக்கிறவர் பாலகுரு ஒருவர்தான்.

என் கவலை என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும். திண்டுக்கல்லில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. 'ராசு வரைந்தால் படம் பேசும்' என்பார்கள். பாலகுரு என் படத்தைத் தொடுகிறார் என்றால் அந்தப் பேச்சு அவருடையது. அப்போது நான் யார்? கழுத்து வரை வரைகிறவனா? கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு பிரஷ்ஷைப் பிடிப்பது? அதனால் கேட்கவில்லை, உளவு பார்த்தேன்.

சாயங்காலம் அவருடைய பிரஷ்களை வரிசையாக அடுக்கி, ஒன்றின் மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுப் போனேன். காலையில் முடி அப்படியே இருந்தது, உதடு மாறியிருந்தது. என் பிரஷ்களைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. ஒருநாள் விடிந்ததும் வந்து, படியின் கீழே மில் வாசலில் நின்றுகொண்டேன். பாலகுரு வந்தார், மேலே போனார். சத்தமில்லாமல் பின்னாலேயே படியேறிக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார், உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒன்றும் தெரியாதவர் போல இருக்கும் இந்த அமுக்குளிக்கு நான் நிற்பது தெரிந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். மே மாதத்தில் மட்டும் எந்தப் படமும் மாறாது. அந்த மாதத்தில் கொடுத்த படங்களுக்குத்தான், "அப்பா ஏன் கோவமா இருக்காரு?" என்று புகார் வரும். அக்கினி வெயிலில் கள்ளனுக்கும் சோம்பல் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே அவருடைய நடவடிக்கையும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கத் திரும்பினால் என் கந்தல் துணியை எடுத்து முகர்ந்து பார்ப்பார். பேசிக்கொண்டே என் விரல்களை உற்றுப் பார்ப்பார். ஒருநாள் டீக்கடையில், சம்பந்தமே இல்லாமல், "மாப்ள, அடுத்தவன் எலையில கை வெக்கிறது தப்புதான். ஆனா உப்பு போடத் தெரிஞ்சவன் வெச்சா என்ன சொல்றது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான், தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். "வெஞ்சனத்துக்கு உப்பு போதாட்டி அவனவன் கேட்டு வாங்கிப்பான்" என்று பதில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தோம். பாம்பின் கால் பாம்பறியும் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

எனக்குக் கண்புரை எடுத்தபோது நான் ஒத்துக்கொண்டிருந்த படங்களை அவர்தான் முடித்துக் கொடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ராசுதான் முடித்தான், கண் கட்டோடு வந்து முடித்தான் என்று கூசாமல் புளுகியிருக்கிறார். பார்க்க வந்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லியிருப்பேன். எனக்கோ, என் கையைப் போலவே போட இவருக்கு வருகிறது, பழக்கம் இல்லாமலா வரும் என்றுதான் தோன்றியது. நன்றி சொன்னேன், ஆனால் அரை மனதோடு. அவரும் அரை மனதோடுதான் வாங்கிக்கொண்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் போனார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து டீச்சர் ஸ்டுடியோவுக்கு வந்தார். முப்பதாம் நாள் படையலுக்கு ஒரு படம் வேண்டும் என்றார். "நீங்கதான் வரையணும்ணே. வேற யாரு கையும் அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றார். சரி என்றேன். அவர் படியிறங்கிப் போனதும் எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தொடுகிறவர் இல்லை. இனி வரைவது முழுக்க என்னுடையது. பேசினால் நான் பேசவைத்தது. பேசாவிட்டால் இத்தனை வருடமும் பேசவைத்தது அவர்.

நெற்றி வந்தது. காது வந்தது. யாரையும் நம்பாத அந்தக் கண்கள்கூட, மில் நின்ற ஒரு மதியத்தில், தானாக வந்தன. தோளுக்குக் கண்ணாடி முன் உட்கார்ந்து என் தோளையே பார்த்து வரைந்தேன், அதை அவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? உதடு மட்டும் வரவில்லை. போட்டேன், வழித்தேன், மறுபடியும் போட்டேன். ஸ்டாண்டில் இருந்தவர் பாலகுருதான், யார் பார்த்தாலும் சொல்வார்கள். ஆனால் வாய் பூட்டிக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அவர் செத்த அன்றுகூட வராத அழுகையை அன்று அழுதேன். அவருக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் வந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று இறங்கிவிட்டேன். பாலகுரு போன பிறகு அந்தக் கடைக்கு நான் தனியாகப் போனது அன்றுதான். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

மேலே வந்தபோது படம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. டீச்சர் கைப்பையோடு நின்றார். இன்னும் பகல் வெளிச்சம் இருந்தது. ஏனோ தெரியவில்லை, அன்று வழக்கத்தை மீறிப் படத்தைத் திருப்பினேன்.

பாலகுரு என்னைப் பார்த்தார். உதட்டின் இடது ஓரம் ஒரு நூலளவு தளர்ந்திருந்தது. ஏதோ கேட்க வந்து, கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டவர் போல இருந்தார். டீக்கடையில் நான் ஆயிரம் தடவை பார்த்த முகம்.

நான் திரும்பினேன். டீச்சர் தன் ஆள்காட்டி விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வாய இறுக்கிட்டீங்க. அவரு அப்படி மூட மாட்டாரு."

"எம்புட்டு நாளா டீச்சர்?" என்றேன்.

"கல்யாணம் ஆகி இங்க வர ஆரம்பிச்சதுல இருந்து."

"அந்த ஒட்டன்சத்திரத்து அம்மா?"

"கனகாம்பரம் வச்சவங்கதான? ஆமா."

"பிரஷ் எதுவும் ஈரமே இருக்காதே!"

"பிரஷ்ஷ எடுத்தா ரெண்டு பேரும் கண்டுபிடிச்சிருவீங்கன்னு தெரியும். அதான் வெரலு. எங்க பிள்ளைகளுக்கும் இப்படித்தான் திருத்துவேன், அதுக பாக்காதப்ப. நாலு மணிக்கு மேல ஒங்க ரெண்டு பேருக்கும் பொறுமை போயிரும். முடிஞ்சாப் போதும்னு வாய மூடிருவீங்க. எல்லாத்தையும் நான் தொடுறதில்ல. எது மூச்சு விடாம நிக்குதோ அத மட்டும்."

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்துவிட்டு இரண்டு கிழடுகள் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு லீவு, டீச்சர் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். இது என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "சொல்லியிருக்கலாமே டீச்சர். நாங்க என்ன அடிக்கவா போறோம்?" என்று சத்தம் போட்டேன்.

"ஒருக்கா அவருகிட்ட, 'இந்தப் படத்துல வாயி சரியில்ல'ன்னு சொன்னேண்ணே. கல்யாணம் ஆன புதுசுல. மூணு நாளு சரியாச் சாப்பிடல. சொன்னா மூணு நாளு. தொட்டா ஒரு நிமிசம். எது லேசுன்னு நீங்களே சொல்லுங்க."

"சரி, அவரு ஒங்க வீட்டுக்காரரு. என் படத்த எதுக்குத் தொட்டீங்க?"

அவர் இறந்தபின் டீச்சர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அவரு படம் உசுரோட இருந்து, ஒங்க படம் பக்கத்துல செத்துக் கெடந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குரு படத்தையும் தொட்டீங்களா?"

"அவரு படத்தத்தான் மொதல்ல தொட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "நாங்க கெளம்புன பெறகு நீங்கதான தனியா இருப்பீங்க. அவரு ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாரு" என்றார்.

அவரே சொன்னார்: "ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப சொன்னாரு. 'ராசு என் படத்தத் தொடுறான். நல்லாத்தான் தொடுறான். கேட்டா நிறுத்திப்புடுவான், அதான் கேக்கல'ன்னாரு. எனக்குச் சொல்லிறலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவரு மொகத்தப் பாத்தேன். சந்தோசமா இருந்தாருண்ணே. விட்டுட்டேன்."

கந்தலை முகர்ந்து பார்த்ததும், என் விரலை உற்றுப் பார்த்ததும், இலையில் உப்புப் போட்ட பேச்சும் அந்த நிமிடத்தில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டன. நான் அவரை வேவு பார்த்த காலம் முழுவதும் அவரும் என்னை வேவு பார்த்திருக்கிறார். தன் கையைவிட என் கை உசத்தி என்று அவர் நம்பியிருக்கிறார். அவர் கை உசத்தி என்று நான் நம்பினேன். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, குரு.

படத்தில் கையெழுத்துப் போடும்படி டீச்சரிடம் பிரஷ்ஷை நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். "எம் பேரப் போட்டா அவரு செத்தும் மூணு நாளு சாப்பிட மாட்டாரு. நீங்களே போடுங்க." நானே போட்டேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. யாரு நம்பப் போறா?" என்றார். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும், உங்கள் வீட்டுக் கூடத்தில் நானோ பாலகுருவோ வரைந்த படம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். நெற்றியையும் கண்ணையும் விட்டுவிட்டு உதட்டை மட்டும் போய்ப் பாருங்கள். அது உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், வரைந்தது வசந்தா டீச்சர். சும்மா இருந்தால் நாங்கள்.

முப்பதாம் நாளன்று டீச்சர், பாலகுருவின் பொருட்களில் உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். நல்ல பிரஷ்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகச் சொன்னேன். பாலகுருவின் ஜன்னல் பக்கத்து இடத்தையும் டீச்சருக்கே ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். இனி விரலால் திருட்டுத்தனமாகத் தொட வேண்டாம், உட்கார்ந்து வரையலாம். வருவாரா என்று தெரியவில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். 'நல்லாத்தான் தொடுறான்.' இத்தனை வருடத்தில் பாலகுரு என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. நியாயமாக அது டீச்சருக்குச் சேர வேண்டியது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொடுக்க மாட்டேன்.